லைன் கிளியர்

விடியற்காலை நாலரைக்குப் போன கரண்ட் பதினோரு மணி வகுப்புக்கும் வரவில்லை. பயிற்சி மேசைகளின் மேல் மோட்டார்கள் சும்மா கிடந்தன. செய்முறை வகுப்பை விட்டுவிட்டு ஜாஹிதா கரும்பலகையில் எழுதினாள்: லைன் கிளியர்.

பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். அவள் திரும்பவில்லை. அந்த மலை ஊர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவின் பெஞ்சுகளில் பாதி காலி. போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒருவன் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போனான். அவன் ஒரு புது பைக்கின் மேல் உட்கார்ந்து படம் எடுத்து அனுப்பினான். அதைப் பார்த்து மற்றவர்கள் போனார்கள். பரீட்சைக்கு மிஞ்சியவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம் போலிருந்தது. முதல்வர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாடத்துக்கும் அவங்க பண்ணப்போற வேலைக்கும் சம்பந்தத்த காட்டுங்கம்மா. காட்டினா நிப்பாங்க."

காட்டினாள். ஓசூர் கம்பெனி ஒன்றின் வீடியோவை மடிக்கணினியில் போட்டாள். சினிமா பார்ப்பதுபோல் பார்த்தார்கள். முடிந்ததும் அன்பரசன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான். "அங்க கேன்டீன்ல மீன் போடுவாங்களா மேடம்?"

இன்றைக்கு வீடியோ இல்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் மோட்டார் பார்த்தவர். மெஷினில் கை வைக்கும் முன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிகிறவரை அது பையிலேயே இருக்கும். முதலாளியே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார்.

"அந்த ஃபியூஸ்தான் லைன் கிளியர். லைன்ல ஏறப்போறவர் சப்ஸ்டேஷன்ல தன் பேருல எழுதி வாங்கணும். அவரே எறங்கி வந்து முடிஞ்சதுன்னு சொல்ற வரைக்கும் யாரும் சுவிட்சைப் போடக்கூடாது."

"எங்க ஊருக்கு லைன்மேனே வர்றதில்ல மேடம்," என்றாள் சுவேதா. "யாருகிட்ட போயி எழுதி வாங்கறது?"

"உங்கப்பா ஃபாரஸ்ட் வாச்சர் தான. அவருகிட்ட வாங்கு, யானைக்கும் சேத்து எழுதித் தருவாரு," என்றான் அன்பரசன். சிரித்தார்கள்.

"கரண்ட் போனா நாங்கலாம் மூங்கில் கோல் எடுத்து கம்பிய ஒரு தட்டு தட்டுவோம் மேடம்," என்றான் பின்பெஞ்சில் ஒருவன். "வந்துரும். இதுக்கு இன்னாத்துக்கு பரீட்சை?"

மறுபடி சிரிப்பு. ஜாஹிதா அது அடங்கும்வரை காத்திருந்தாள். இந்தக் கேள்விக்குத்தான் அவளிடம் பதில் இருக்க வேண்டும். வருடம் முழுக்க இதே கேள்விதான், வெவ்வேறு வாயில்.

"செத்த கம்பின்னு ஒண்ணு கிடையாது," என்றாள். "இப்போ கரண்ட் இல்ல. அவ்ளோதான். கரண்ட் இல்லாதப்போதான் ஜனங்க கம்பியத் தொடறாங்க. நம்ம தொழில்ல செத்தவங்கள்ல நெறைய பேரு, கரண்ட் போனப்போ கை வெச்சு, வந்தப்போ செத்தவங்க."

ஜீவானந்தம் எழுதுவதை நிறுத்தினான்.

மலையில் நெல்லிவாசல் பக்கத்து மேட்டு ஊரிலிருந்து வருகிறவன். தினமும் இருட்டோடு நடந்து இறங்கி ஜீப் பிடிப்பான். அதிகம் பேச மாட்டான். அவன் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தான். அது அசையவில்லை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நோட்டைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க?"

"வூட்டுக்குப் போணும் மேடம்."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம்."

காலையில் கடைத்தெருவில் கேரள நம்பர் ஜீப் ஒன்று நிற்பதை அவள் பார்த்திருந்தாள். எஸ்டேட்டுக்கு ஆள் சேரும்வரை நிற்கும், மதியம் கிளம்பிவிடும். அவள் போய் வாசலில் நின்றாள். நிற்கப்போவதாக நினைக்கவில்லை, கால் தானாகப் போய்விட்டது.

"உனக்கு அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே கம்மி. இன்னிக்குப் போனா பரீட்சை எழுத முடியாது. தெரியுமா?"

"தெரியும் மேடம். வுடுங்க."

"கேரளாவுல எலக்ட்ரீஷியன் வேலை தரமாட்டாங்க ஜீவா. மூட்டைதான் தூக்க வெப்பாங்க."

அவன் அவளைப் புரியாமல் பார்த்தான். அவனுடைய பார்வை ஒரு கணம் சுவேதாவின் மேல் போய்த் திரும்பியது. வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஜாஹிதாவுக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டு மேசையைப் பார்த்தார்கள். அன்பரசன்கூட.

சுவேதா எழுந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

"நான் வெளிய நிக்கறேன் மேடம். அவன் சொல்லட்டும். எங்கப்பா வாச்சர்ன்றதால வாயத் தெறக்க மாட்றான்." வாசலில் ஜாஹிதாவைத் தாண்டும்போது திரும்பாமலே சொன்னாள், "எனக்கு ஒண்ணும் தெரியாது. சீக்கிரம் சொல்லித் தொலைடா."

அவள் காலடிச் சத்தம் வராந்தாவில் தேய்ந்ததும் ஜீவானந்தம் சொன்னான். துண்டு துண்டாக வந்தது.

கொல்லையில் சாமைப் பயிர் முற்றிவிட்டது. காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் கொல்லையைப் புரட்டிப் போட்டுவிடும். அதனால் ராத்திரியில் கம்பி கட்டுகிறார்கள். கரண்ட் கம்பத்து லைனில் கொக்கி மாட்டி, கொல்லையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு. விடிகிறதுக்குள் கொக்கியை எடுப்பது ஜீவானந்தத்தின் வேலை. அப்புறம் கம்பியைக் கையால் சுருட்டி மரப்பொந்தில் வைப்பது அவன் அம்மாவின் வேலை. பகலில் யார் கண்ணிலும் படக்கூடாது.

"இன்னிக்கு எழுந்தப்போவே கரண்ட் இல்ல மேடம். ஜீப்புக்கு நேரமாயிட்ச்சி. கரண்டுதான் இல்லியேன்னு கொக்கிய..."

"எடுக்கல."

"எடுக்கல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் எடுத்துட்டுதான் போயிருப்பேன்னு நெனச்சினு இருக்கும். நூறு நாள் ஏரி வேல முடிச்சிட்டு பன்னெண்டு மணிக்கு மேல கொல்லைக்குப் போவும். போனதும் சுருட்டும்." அவன் கைகள் காற்றில் சுருட்டிக் காட்டின. முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே, சுற்றுச் சுற்றாக. வெறுங்கை.

அவன் அப்பா ஆலங்காயம் சந்தைக்குப் போயிருக்கிறார். டவர் பேட்டரி தீர்ந்து செல்போன்கள் காலையிலேயே ஊமையாகிவிட்டன. அன்பரசன் பைக் சாவியை எடுத்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்று ஜாஹிதா கேட்டாள். ஒரு மணி நேரம், கடைசி ஏற்றத்தில் வண்டி போகாது, ஓட வேண்டும் என்றான் ஜீவானந்தம். மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது.

"வண்டிய வெளிய எடு," என்றாள் அன்பரசனிடம். "ஜீவா, நீ என்கூட வா."

முதல்வர் திருவண்ணாமலையில் மீட்டிங்கில் இருந்தார். அவர் அறையில்தான் பழைய டயல் வைத்த லேண்ட்லைன் போன். ரிசீவரை எடுத்தாள். டயல் சத்தம் இருந்தது. சப்ஸ்டேஷன் நம்பர் பயிற்சிக்கூடச் சுவரில், முதலுதவி படத்துக்குக் கீழே பெயின்டில் எழுதியிருக்கும். சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரையும் நோட்டில் எழுத வைத்தாள். அன்றைக்கும் இது எதற்கு என்று கேட்டார்கள். திரும்பி ஓட அவள் அடி எடுத்துவைத்தபோது ஜீவானந்தம் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அவள் கடைசி எண்ணைச் சுழற்றும் முன் அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம். கொக்கின்னு மட்டும் சொல்லாதீங்க. அப்பாவப் புடிச்சினு போய்டுவாங்க. பக்கத்து ஊர்ல போன வருஷம் ஒருத்தர இட்டுனு போனாங்க. இன்னும் வரல."

அவள் கடைசி எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. மேசையின் மேலே டியூப்லைட் இருண்டு கிடந்தது. அதன் சுவிட்ச் கீழ்நோக்கிப் போடப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். கரண்ட் வந்தால் இந்த அறைக்குத்தான் முதலில் தெரியும்.

"சப்ஸ்டேஷன்."

"சார், நான் ஐ.டி.ஐ.லேர்ந்து ஜாஹிதா பேசறேன். எலக்ட்ரீஷியன் இன்ஸ்ட்ரக்டர்."

"சொல்லுங்க மேடம். காலையிலேர்ந்து ஊரே எனக்குத்தான் போன் பண்ணுது. மரம் வுழுந்துட்ச்சி, இப்பதான் வெட்டி எடுத்தாங்க. அஞ்சு நிமிஷம், போட்டுடுவேன்."

"போடாதீங்க."

"இன்னாது?"

"போடாதீங்க சார். நெல்லிவாசல் லைன்ல ஆளு இருக்கு."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எங்க ஆளுங்க எல்லாம் எறங்கிட்டாங்களே மேடம். இங்கதான் டீ குடிச்சினு கீறாங்க. வேற யாரு ஏறுனது?"

ஜாஹிதா ஜீவானந்தத்தைப் பார்த்தாள். அவனுக்கும் கேட்டிருந்தது, பழைய ரிசீவர், சத்தம் வெளியே வழியும். வெளியே அன்பரசன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை இருமி நின்றது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வராந்தா முனையில் சுவேதா முதுகைக் காட்டி நின்று பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"கம்பியில கை வெச்சிருக்காங்க," என்றாள் ஜாஹிதா. "ஒரு பொம்பள. நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க."

"பொம்பளையா?"

மறுமுனையில் இருந்தவருக்குக் கொல்லைக் கம்பி என்று புரிந்துவிட்டது போலிருந்தது. மலையில் நெடுநாள் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். அவர் மறுபடி பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"மேடம், சும்மா நிறுத்தி வெக்க முடியாது. மேலேர்ந்து கேப்பாங்க. லைன் கிளியர் போட்டாதான் நிறுத்துவேன். போட்டா, யாரு பேருல போடறமோ அந்த ஆளுதான் வந்து முடிக்கணும். நாளைக்கு எதுன்னா ஆச்சின்னா அந்த ஆளுதான் பதில் சொல்லணும். உங்களுக்கே தெரியும், நீங்க சொல்லிக் குடுக்கறவங்க."

"தெரியும்."

பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது. ஜீவானந்தம் தன் கையை நெஞ்சில் வைத்து, என் பேரு, என் பேரு என்று வாயசைத்தான்.

"சொல்லுங்க மேடம், யார் பேருல எழுதட்டும்?"