இருதரப்பினரும் சற்று நேரம் அமைதியாக இருந்தனர்

1

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. இன்றைக்கு ஒரு விண்ணப்பத்தின் கதை சொல்லப் போகிறேன். விண்ணப்பத்தில் என்ன கதை என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். மூன்று நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்த கதை இல்லை, கையில் வந்து சேர்ந்தது. என் கதைகளை நகல் எடுக்க ஜெராக்ஸ் கடையில் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் தாள்கட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பிரித்தால், ஒரு தாள் கூடுதல். இரண்டு பக்கமும் கையெழுத்து. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து. மேலே, ‘நோக்கக் கட்டுரை: மனிதவளம் மற்றும் தொழிலாளர் உறவுகள், முதுகலைப் படிப்பு. கடைசி நாள் வெள்ளி, மாலை ஐந்து மணி.’ ஓரத்தில், ‘ரெண்டு கடிதமும் வந்தாச்சு!!!’

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஆறு.

யாரோ ஒருத்தியின் தாளைக் கடைசி நாளில் என் பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்! அந்தக் குற்றவுணர்வுக்காகப் பாதி, அந்த மூன்று ஆச்சரியக்குறிகளுக்காகப் பாதி என்று இதை எழுதுகிறேன். இத்தனை வருஷம் எழுதியும் ஒரு கதையிலாவது மூன்று ஆச்சரியக்குறி போட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்—

(வேண்டாம். தாளில் மழையே இல்லை. தொடங்கத் தெரியாதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுகிறேன். பாவம், அதுவும் எத்தனை தடவைதான் வரும்.)

இரண்டாவது:

விதி அவளை—

(சீ! மூன்று ஆச்சரியக்குறி போடுகிறவளை இப்படித் தொடங்கினால் அவளே நேரில் வந்து சண்டை பிடிப்பாள்.)

மூன்றாவது. இது நிற்கும் போலிருக்கிறது:

மின்விசிறித் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் பதினாறு வருஷமாக வருகைப் பதிவு பார்க்கும் ஒருத்தி, நாற்பத்திரண்டாவது வயதில், முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தாள். அங்கே அவளுக்குப் பெயர் ‘குறிப்பம்மா’. நிர்வாகமும் சங்கமும் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போதெல்லாம் மேசையின் கோடியில் அமர்ந்து, யார் என்ன சொன்னார் என்று எழுதி வைப்பவள் அவள்தான்.

3

வீட்டில் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.*

“அம்மா, நீயும் நானும் ஒரே வருஷம் பரீட்சை எழுதுவோமா? என்னைப் பாத்து எழுதக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.”

“உன்னைப் பாத்து எழுதினா நான் பாஸான மாதிரிதான். போடி.”

“சரி, நேர்காணல்ல உங்க பலவீனம் என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?”

“வெளியில உக்காந்து போன் நோண்டிட்டிருக்குன்னு சொல்லுவேன்.”

* மகள் தாளில் இல்லை. நானே பெற்றுக்கொண்டேன். தனியாக ஒருத்தி சந்தோஷப்படுவதை எழுத எனக்குக் கை வரவில்லை. பக்கத்தில் கேலி பண்ண ஓர் ஆள் தேவைப்பட்டது. பிடிக்காவிட்டால் தாண்டிப் படியுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

4

விண்ணப்பத்தோடு, அவள் வேலையை அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். வேறு யாராக இருந்தாலும் இரண்டு அதிகாரிகளைப் பிடித்திருப்பார்கள். இவள் ஒரு கடிதத்தை மேலாளரிடமும் இன்னொன்றைச் சங்கத் தலைவரிடமும் கேட்டாள். நடைபாதையில் எதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள்!

“இன்னொரு கடிதம் யாரும்மா?” என்றார் மேலாளர்.

“சங்கத் தலைவர், சார்.”

“அவரா? அவர் எழுதினா உனக்கு சீட் கெடைக்காது, போராட்டம்தான் கெடைக்கும்.” சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டார்.

தலைவர் முதலில் கேட்டது இது: “அந்த மனுஷன் எத்தனை வரி எழுதியிருக்காரு?”

“எட்டு வரி, அண்ணே.”

“அப்ப நமக்குப் பத்து.”

இரண்டு கடிதத்திலிருந்தும் ஒவ்வொரு வரியைத் தாளின் ஓரத்தில் அவள் பிரதி எடுத்திருக்கிறாள். மேலாளர்: ‘சொன்னதைச் சொன்னபடி எழுதுவார், ஒரு சொல் கூடாது, குறையாது.’ தலைவர்: ‘இவர் குறிப்பில் இல்லாத சொல், அந்த அறையில் பேசப்படாத சொல்.’

இங்கேதான் மூன்று ஆச்சரியக்குறி. இவற்றுக்குக் கீழேயே, சின்னதாக, ‘ஐயோ.’

5

ஏன் ஐயோ? விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ‘பணியிடத் தகராறு ஒன்றில் உங்கள் பங்கு என்ன? விவரிக்கவும்.’

அவளுக்கு நினைவு வந்த தகராறு இது: மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் பிரிவில் அறுபது பெண்கள். கழிப்பறைக்குப் போக, சூப்பர்வைசர் மேசையருகே ஆணியில் தொங்கும் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். டோக்கன் இரண்டே இரண்டு. மூன்றாமவள் காத்திருப்பாள். நான்காமவள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள்.

அதற்காகப் பேச்சுவார்த்தை. மூன்றாம் நாள் மேலாளர் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். தலைவர், மேலாளர் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னார். ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

(இரண்டு வார்த்தையும் தாளில் இருக்கின்றன. நான்தான் இங்கே எழுதவில்லை.)

இருவரும் கையெழுத்திட்டதும் குறிப்பு அறிவிப்புப் பலகைக்குப் போகும். இந்த வார்த்தைகள் அங்கே ஏறினால் பேச்சு முறியும், அறுபது பேரும் தெருவில் நிற்பார்கள், டோக்கன் ஆணியிலேயே தொங்கும். குறிப்பம்மாவின் பேனா நின்றது. பிறகு எழுதியது: ‘இருதரப்பினரும் சற்று நேரம் அமைதியாக இருந்தனர்.’

பதினாறு வருஷத்தில் அவள் எழுதிய ஒரே பொய்.

மறுநாள் காலை மேலாளர் அதைப் படித்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தலைவர் அந்த வரியின் கீழே விரலை வைத்து நகர்த்தினார், ஒரு நொடி நிறுத்தினார், கையெழுத்துப் போட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. அவள் எழுதி வைத்த அமைதி மறுநாள்தான் அந்த அறைக்கு வந்து சேர்ந்தது! அன்று மாலை டோக்கன்களைக் கழற்றிவிட்டார்கள்.

6

இதை எழுதுவதா, விடுவதா? தாளில் நடக்கும் சண்டையெல்லாம் இதுதான்.

எழுதினால் இரண்டு கடிதமும் பொய்யாகும். பொய்க் குறிப்பு எழுதினவளுக்கு எந்தக் கல்லூரி இடம் கொடுக்கும்? எழுதாவிட்டால் அந்த அறையில் வேறு யாரும் செய்திருக்க முடியாத ஒன்றை மறைத்துவிட்டு உள்ளே போவாள். இடம் கிடைத்தாலும் அது டைம் ஆபீஸ்காரிக்குக் கிடைத்ததாக இருக்கும், இவளுக்கு இல்லை. போதாக்குறைக்கு விண்ணப்பத்தின் அடியில் ஒரு கட்டம்: ‘மேற்கூறிய அனைத்தும் உண்மை.’

இன்னொரு முள்ளும் இருக்கிறது. அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நான் கேட்கவில்லை. அவளே கேட்டு எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே ஒரு வாக்கியம். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்திருக்கிறாள்:

‘நான் செய்தது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. அதைப் படிக்கத்தான் வருகிறேன்.’

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், கண்ணுகளா.

7

முடிவு, ஒன்று: அவள் எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறாள். தேர்வுக்குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து—

(கண்ணாடி துடைப்பவரை நம்பாதீர்கள். என் கதையில் யாராவது அழ வேண்டுமென்றால் நான் அவருக்குக் கண்ணாடி மாட்டிவிடுவேன்.)

முடிவு, இரண்டு: வருகைப் பதிவைக் கணினிமயமாக்கியதைப் பற்றி அழகாக நானூறு சொல் எழுதி அனுப்புகிறாள். இடம் கிடைக்கிறது. முதல் வகுப்பில் ஆசிரியர், “குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். அவள் பேனாவைத் திறந்து—

(முடியவில்லை. பேனா ஓடவில்லை. எனக்கா அவளுக்கா தெரியவில்லை.)

இன்று திங்கட்கிழமை, கடை திறந்ததும் தாளோடு ஓடினேன். கடைக்காரப் பெண் பார்த்ததும் கத்தினாள்.

“அய்யோ, உங்ககிட்டதான் இருந்துதா! வெள்ளிக்கிழமை ஒரு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்து தேடுனாங்கம்மா. குப்பைக்கூடையக்கூடக் கொட்டிப் பாத்தோம்.”

“அப்புறம்?”

“மணியப் பாத்தாங்க. அஞ்சாக எட்டு நிமிஷம். திடீர்னு சிரிச்சாங்க. ‘பரவால்ல, மனப்பாடமா இருக்கு’ன்னுட்டு அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டாங்க. படபடன்னு தட்டுனாங்க பாருங்க, என் கீபோர்டு பொழைச்சதே பெரிசு.”

“என்னடி தட்டுனாங்க?”

“நான் எட்டிப் பாப்பேனாம்மா?”

அவ்வளவுதான். தாளில் எழுதியது மனப்பாடமா, எழுதி அடித்தது மனப்பாடமா, இரண்டுமா, அதை நான் கேட்க முடியாது. அந்த எட்டு நிமிஷத்தை உங்களிடமே கொடுக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நீங்கள் உட்காருங்கள், நீங்களே தட்டுங்கள். நான் இங்கே சற்று நேரம் அமைதியாக இருக்கிறேன்.

போகிறபோது இதை மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் எழுந்து போக யாரும் யாரிடமும் அனுமதி கேட்கும் நிலை வராதிருக்கட்டும். சொல்லக்கூடாதது வாய்தவறி வந்துவிடும் நாளில் பேனாவை நிறுத்துகிற ஒரு கை அந்த அறையில் இருக்கட்டும். பின்னொரு நாள் அதைக் கூசாமல் எடுத்துச் சொல்லும் தைரியமும் அதே கைக்கு வாய்க்கட்டும். ஆச்சரியக்குறி மட்டும் மூன்று மூன்றாக வந்து விழட்டும், உங்கள் வாசலில்!!!