ரத்மல் நாற்று

என் மகள் அக்கரப்பத்தனையில் இறந்தபோது நாங்கள் போகவில்லை. பிறந்த வீட்டுக் கோடியும் அனுப்பவில்லை. கங்காணி வீட்டுப் பெண், எங்கள் சொல்லை மீறித் தாலி கட்டிக்கொண்டு போனவள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மார்கழியில் அவள் புருஷன் சுதாகரன் எங்கள் டயகம தோட்டத்துக்கு வந்தான். எங்கள் வாசலில் ஏறாமல், தண்ணீர் ஓடும் கானோரமே நின்றான்.

"மாமா, மேல நிக்கிற ரத்மல் மரத்துல கொஞ்சம் விதை எடுத்துக்கவா? அவ குழிமேட்டுல வைக்கணும். ஆசுபத்திரியில கெடக்கும்போது கேட்டா."

"மரம் தோட்டத்துது. என்னைய ஏன் கேக்குற?"

காட்டோரம் நிற்கும் மரம் அது. கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூக்கும். அவன் வெடித்த காய்களாகப் பார்த்துப் பறித்தான். வெடித்த காயில் விதை தங்காது. மூக்குப்பொடி போன்ற விதை, காற்றோடு போயிருக்கும். பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை. பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

மறுநாள் நானே கொக்கித்தடியோடு போனேன். முற்றியும் வாய் திறக்காத காய்களை மட்டும் எடுத்து வந்து பேப்பரில் உலர்த்தினேன். வெடித்ததும் ஒரு தட்டில் பாசி பரப்பி மேலாகத் தூவினேன். மண் போட்டு மூடக்கூடாது. தண்ணீரும் மேலே ஊற்றக்கூடாது, அடியிலிருந்து ஊறவேண்டும்.

"பெத்த புள்ளைக்கு ஒரு சொட்டு கண்ணீர் விடல. இதுக்கு மட்டும் தண்ணி காட்டுறீங்களாக்கும்" என்றாள் என் மனைவி காளியாயி.

காலையில் தட்டைப் பார்ப்பேன், பிறகு தேத்தண்ணீர் குடிப்பேன். ஒரு நாள் பாசியின்மேல் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. நான் காட்டவில்லை. அவளாகவே வந்து பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

நாற்றுகள் நாலு இலை விட்டதும் வெள்ளை வேட்டி கட்டி, தட்டோடு அக்கரப்பத்தனை பஸ் ஏறினேன்.

"என்னா தாத்தா, கீரையா?" என்றான் கண்டக்டர்.

"ஆமா."

சுதாகரன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். தட்டைப் பார்த்தான்.

"நான் போட்டது ஒண்ணுமே மொளைக்கல மாமா."

"மொளைக்காது. அது வெறுங்காய்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"தட்டைப் புடி. மேல தண்ணி ஊத்தாத."

உள்ளேயிருந்து அவன் தாய் குரல் கொடுத்தாள். "யார்றா வந்திருக்கது?"

அவன் என்னைப் பார்த்தான். தாயிடம் என்ன முறை சொல்வதென்று தெரியாமல் நின்றான்.

"ஜீவராணியோட அப்பா" என்றேன். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

உள்ளே தேத்தண்ணீர்க் கோப்பை கழுவுவது கேட்டது. நான் செருப்பைக் கழற்றினேன்.