இலவசப் படம்

சிலந்தி வலை தேவதாசனின் விரல்களில் ஒட்டியதே தவிர நாற்காலியில் ஒட்டவில்லை. ஹலோவீன் அலங்காரத்துக்கென்று பைக்குள் பஞ்சுபோல் சுருட்டி விற்கிற வலை. மெல்ல இழுத்து விரித்தால் அசல் வலைபோலவே நிற்கும் என்று மகள் வீடியோ அனுப்பியிருந்தாள். அவர் இழுத்தது நடுவில் கிழிந்து, தலையணை பிய்ந்ததுபோல் தொங்கியது. பூப்பெய்திய சாமத்தியவீட்டுப் பிள்ளைகளை இருத்திப் படமெடுப்பதற்கென்று வாங்கிய நாற்காலி அது. முதுகுப்புறத்தில் தங்கநிற மயில்கள் கழுத்தை வளைத்து நிற்கும். ஒரு காலத்தில் சனி, ஞாயிறுகளில் அதில் இருப்பதற்குப் பட்டுப்பாவாடையும் தலைநிறையப் பூவுமாய்ப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இப்போது ரொறன்ரோவிலிருந்து இளைஞர் கூட்டம் மண்டபத்துக்கே ட்ரோனோடு வந்து இறங்குகிறது. மயில்களின் கழுத்தில் வலையைச் சுற்றி, அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் வௌவாலைச் செருகிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். மயில்கள் கழுத்துச் சுளுக்குக்குக் கட்டுப்போட்டதுபோல் இருந்தன.

கடைக்கு 'அஜந்தா ஸ்ரூடியோ' என்று மனைவியின் பெயர். பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தின் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில், ஜோன்-தலோன் வீதியில், ஒரு மருந்துக்கடைக்கும் புதிதாக வந்த கோப்பிக் கடைக்கும் நடுவே இருந்தது. அந்த அஜந்தா இப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். வீட்டை நடத்துவது அவளுடைய சம்பளம்தான். அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொன்னாலும் பரவாயில்லை என்று தேவதாசனுக்குத் தோன்றும்.

பாஸ்போர்ட் படத்தை மருந்துக்கடையே எடுத்துக்கொடுக்கிறது. கலியாணங்கள் போய்விட்டன. அவரிடம் மிஞ்சியிருந்தது செத்தவீடு மட்டும். யாராவது இறந்தால் மறுநாள் பிள்ளைகள் போனோடு வருவார்கள். பிறந்தநாளிலோ பூப்புனித நீராட்டிலோ எடுத்த படமாக இருக்கும். பக்கத்தில் யாரோ நிற்பார்கள். இறந்தவரின் தோளில் யாரோ ஒருவருடைய கை கிடக்கும். தேவதாசன் அந்தக் கையை அழிப்பார். அழித்த இடத்தில் இல்லாத தோளைக் கீறி வரைவார். பின்னாலிருக்கிற பலூன்களை நீக்கி வானநீலம் பூசி, சட்டம் போட்டுக் கொடுப்பார். மாலை போட்டு விளக்கு வைத்தால் ஒரு குறையும் தெரியாது. அப்படிச் செய்த படங்களில் நல்லவற்றைக் கடைக் கண்ணாடிக்குள் மாட்டியும் வைத்திருந்தார்.

"அப்பா, ஹலோவீனுக்குச் சின்னக் கடைக்காரர் எல்லாரும் ஏதாவது செய்வினம். நீங்கள் மட்டும்தான் யன்னலுக்குள்ள செத்த ஆக்களைத் தொங்கவிட்டிருக்கிறியள்" என்றாள் பிரஷாந்தினி, கோடைக் கடைசியில் ஒருநாள். லொங்குய்யில் ஒரு விளம்பரக் கம்பனியில் வேலை செய்கிற மகள்.

"பேய்க் கொண்டாட்டத்துக்கு அதுதானே பொருத்தம்" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் அவருக்கு வேலை பார்த்து வைத்திருந்தாள். சாமான் வந்து இறங்குவதைச் சரிபார்க்கிற வேலை. பாரம் தூக்கத் தேவையில்லை. கடையின் வாடகை ஒப்பந்தமும் வருடக் கடைசியோடு முடிகிறது. கோடை முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். 'ஹலோவீன் முடியட்டும் பிள்ளை, ஒருக்காச் செய்து பாப்பம்' என்று அவர்தான் தவணை கேட்டார். அதன்பிறகு அவள் முழுமூச்சாக இறங்கிவிட்டாள். வேசம் போட்டு வருகிற பிள்ளைகளுக்கு இலவசமாகப் படம் எடுத்துக் கொடுப்பது. கொடுக்கும்போது தாய்மாரின் ஈமெயிலை வாங்கிக்கொள்வது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் அவர்களைக் குடும்பப் படத்துக்கு அழைப்பது. கண்ணாடிக்குள் செத்தவர்களின் படங்களுக்குப் பதிலாகப் பூசணிக்காய்கள், பற்றரியில் எரிகிற மெழுகுதிரிகள், செம்மஞ்சள் திரை. பிரெஞ்சில் துண்டுப்பிரசுரம் அடித்து வீடு வீடாகப் போட்டார்கள். அவள் காட்டிய உற்சாகம் தேவதாசனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. சாகக் கிடக்கிறவர் எதைக் கேட்டாலும் தேடிச் சமைத்துக் கொடுப்பார்களே, அந்த உற்சாகம்.

ஹலோவீனுக்கு முதல்நாள் அவள் போன் எடுத்தாள். "அப்பா, நாளைக்குப் பெரிய மழையும் காத்துமாம். நகரசபை ஹலோவீனை வெள்ளிக்கிழமைக்கு மாத்திப்போட்டுது."

"பேயையும் பின்போடுவினமோ?"

"இந்த ஊரில பின்போடுவினம். வெள்ளி பின்னேரம் நான் வேலை முடிய நேர அங்க வாறன்."

ஆனாலும் துண்டுப்பிரசுரத்தில் வியாழன் என்று போட்டிருந்ததால் அவர் வியாழனும் கடையைத் திறந்து வைத்தார். மழை வீதியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பெய்தது. கோப்பிக் கடையின் வெளி நாற்காலி ஒன்று காற்றில் புரண்டு நடுவீதிக்குப் போனது. பின்னேரம் கதவு மணி அடித்தபோது அவர் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த மிட்டாய்ச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரமாக எழும்பினார்.

வந்தது அக்னெஸ் அக்கா. தமிழ்ப் பங்குத் தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மறைக்கல்வி படிப்பித்தவர். கம்பி முறிந்த குடையை வாசலில் சாத்தினார். கனத்த கோட்டைக் கழற்றியபோது உள்ளே மெரூன் பட்டுச்சேலை. சட்டைக்கைகள் தொளதொளத்து, ஊசியால் பிடிக்கப்பட்டிருந்தன. ஆளைக் கண்டு கனநாள்.

"இலவசம் எண்டு போட்டிருக்கு தம்பி. வயசு போடேல்ல."

தேவதாசன் சிரித்தார். "பேய் வேசம் போட்டெல்லோ வரவேணும் அக்கா."

"அதுக்கு ஒத்திகை பாக்கத்தான் வந்தனான்."

சிரிப்பு தேவதாசனின் முகத்தில் அப்படியே நின்றது. அதன்பிறகுதான் அக்காவை வடிவாக உற்றுப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குள் மஞ்சள் படர்ந்திருந்தது.

"டொக்டர் சொல்லிப்போட்டார். பிள்ளையளுக்கு இன்னும் முழுக்கச் சொல்லேல்ல" என்றார் அக்னெஸ் அக்கா, காலநிலையைச் சொல்வதுபோல. "வீட்டில இருக்கிற படம் எல்லாத்தையும் பாத்தன். ஒண்டிலயும் நான் தனிய இல்லை. ஆரோ பக்கத்தில நிக்கினம். நீர் வெட்டிச் சரிப்படுத்துவீர் எண்டு தெரியும். மரியம்மாவின்ர செத்தவீட்டில பாத்தனான். குறை நினையாதையும், நீர் கீறின தோள் அவவின்ர தோள் இல்லை."

தேவதாசனுக்குச் சுருக்கென்றது.

நாற்காலியைக் காட்டாமல் சாதாரண முக்காலி ஒன்றை எடுத்துப் போட்டார். நாலைந்து நாட்களாகப் பாடுபட்டுத் தொங்கவிட்ட வலைகளைச் சுருட்டி எடுத்தார். செம்மஞ்சள் திரையைக் கழற்றி, பழைய சாம்பல்நிறத் திரையை இறக்கினார். விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தி, ஒட்டிய கன்னத்தில் நிழல் விழாத இடத்தைத் தேடினார். கனகாலத்துக்குப் பிறகு அவருடைய கைகள் தாமாகவே வேலை செய்தன. மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"சிரிக்கலாமோ தம்பி? செத்தவீட்டுப் படத்தில சிரிச்சா சனம் என்ன சொல்லும்?"

"சனம் என்ன சொன்னாலும் உங்களுக்குக் கேக்காது அக்கா."

அக்னெஸ் அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, அந்தச் சிரிப்பு கண்ணிலிருந்து இறங்குவதற்குச் சற்று முன்பு தேவதாசன் கமராப் பொத்தானை அமத்தினார்.

திரையில் காட்டியபோது அக்னெஸ் அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நான்தான்" என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டே, "இது உம்மட்டையே, இந்தக் கடையிலயே இருக்கட்டும். வீட்டை கொண்டுபோனா அவையள் கண்டிடுவினம். தேவைப்படேக்கை இஞ்ச வருவினம். அஜந்தா ஸ்ரூடியோவுக்குப் போங்கோ எண்டு எழுதி வைக்கிறன்" என்றார்.

"ஓம் அக்கா. நான் இஞ்சதானே இருப்பன்" என்றார் தேவதாசன்.

சொன்ன கையோடு மிட்டாய்களை அள்ளி அக்காவின் கைப்பைக்குள் போட்டார். முறிந்த குடையைப் பிடித்தபடி அக்கா மருந்துக்கடை மூலையில் திரும்பும்வரை கண்ணாடிக்கு அருகிலேயே நின்றார்.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. காற்று விடவில்லை. எங்கோ மரங்கள் கம்பிகளின்மேல் விழுந்து, மதியத்தோடு வீதி முழுவதும் மின்சாரம் போய்விட்டது. தேவதாசன் மறுபடி திரையை மாட்டி வலைகளைத் தொங்கவிட்டு முடித்திருந்தார். விளக்குகள் வேலை செய்யாது. பிரிண்டரும் வேலை செய்யாது. கமராவில் மட்டும் உயிர் இருந்தது. பிரஷாந்தினி பூனைக்காது வைத்த பட்டியைத் தலையில் மாட்டியபடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"எப்ப வருமாம் கரண்ட்?"

"ஆருக்குத் தெரியும்."

"நேற்று ஆரும் வந்தவையோ?"

"ஒராள்." கமராவின் பின்புறத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். "ஆர் அப்பா இவ? என்ன வடிவா இருக்கிறா! இந்த வெளிச்சம்... இதை நாங்கள் இன்ஸ்டகிராமில போடவேணும். இப்பிடி ஒண்டு போட்டாலே காணும்."

"இல்லை. இது அவ போனாப் பேந்துதான் வெளிய வரவேணும்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

"உன்ர கொம்பியூட்டரில ஒரு பிரதி எடுத்து வை பிள்ளை. அக்னெஸ் எண்டு பேர் போடு. தேடி வருவினம். அந்த நேரம் இஞ்ச..." என்று சொன்னவர், மிச்சத்தைச் சொல்லாமல் மிட்டாய்ச் சட்டியை இடம் மாற்றி வைத்தார். கடையை மூடச் சம்மதமா என்று கோடை முழுக்க அவள் கேட்டதற்கான மறுமொழி அதற்குள் இருந்தது. அவள் சந்தோஷப்படவில்லை. பூனைக்காதைச் சரிசெய்துகொண்டு, பற்றரி மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினாள்.

பொழுது சாய்ந்தபோது அது நடந்தது. வீதியில் விளக்கில்லை. கோப்பிக் கடை பூட்டிக் கிடந்தது, மருந்துக்கடையின் பெயர்ப்பலகை அணைந்திருந்தது. அந்த இருட்டுக்குள் அஜந்தா ஸ்ரூடியோவின் கண்ணாடி ஒன்றுதான் எரிந்தது. பூசணிக்காய்களின் வாய்களுக்குள் மஞ்சள் வெளிச்சம் துடித்தது. நாற்காலியின் மயில்கள் வலைக்குள்ளிருந்து மினுங்கின. எதிர்ப்பக்க நடைபாதையில் போனவர்கள் நின்றார்கள். பிறகு வீதியைக் கடந்து வந்தார்கள். மந்திரவாதிகள், எலும்புக்கூடுகள், டைனோசர் ஒன்று, கோட்டுக்கு மேலே சிறகு கட்டிய தேவதைகள்.

"அப்பா, சனத்தைப் பாருங்கோ!" பிரஷாந்தினி அவருடைய கையைப் பிடித்து உலுக்கினாள். சின்ன வயதில் உலுக்குவதுபோலவே உலுக்கினாள். ஈமெயில் வாங்குவதற்கான ரப்லெற் கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள். தேவதாசன் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். விளக்கில்லாவிட்டால் என்ன, மெழுகுதிரிகளைக் கிட்டக் கொண்டுவந்து, பிள்ளைகளை அசையாமல் இருக்கச் சொல்லி எடுக்கலாம். எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியும். கதவை அகலத் திறந்து, தெரிந்த பிரெஞ்சில் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். படம் இலவசம் என்றார்.

தாய்மார் தலையை நீட்டி, கண்ணாடிக்குப் பின்னால் நீண்டுகிடந்த இருட்டைப் பார்த்தார்கள். சிரித்து, நன்றியாக ஒரு மெர்சி சொன்னார்கள். உள்ளே வரவில்லை. பிள்ளைகள் சட்டியிலிருந்து மிட்டாயை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். கண்ணாடிக்கு முன்னால் தாய்மார் அவர்களை வரிசையாக நிறுத்தித் தங்கள் போனை உயர்த்தினார்கள். இருட்டில் அங்குமிங்கும் சின்னச் சின்னத் திரைகள் எரிந்தன. ஒரு கூட்டம் எடுத்துவிட்டுப் போக அடுத்த கூட்டம் வந்து நின்றது. கண்ணாடி அத்தனை அழகாக இருந்தது.

அவர் வாசலுக்கு வந்தார். டைனோசரின் தாய் அவருடைய கழுத்தில் தொங்கிய கமராவைக் கண்டு, நம்பிக்கையானவர் என்று நினைத்திருக்க வேண்டும், தன் போனை நீட்டினாள். எங்கள் எல்லோரையும் சேர்த்து ஒன்று எடுத்துத் தருவீர்களா, மெசியே?

தேவதாசன் அந்தப் போனைப் பார்த்தார். வாங்கினார். டைனோசரை ஒரு அடி முன்னே வரச் சொன்னார். தாயைச் சற்றுத் திரும்பி நிற்கச் சொன்னார். பூசணிக்காய் வெளிச்சம் அவளுடைய கன்னத்தில் விழுந்தது. அமத்தினார். அவள் வாங்கிப் பார்த்து, "ஓ! செ போ!" என்று அழகை வியந்து கத்தினாள். பக்கத்தில் நின்றவளுக்குக் காட்டினாள். அவளும் தன் போனை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒரு தகப்பன். பிறகு ஆட்கள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள்.

கண்ணாடிக்கு உள்ளே பிரஷாந்தினி கொஞ்ச நேரம் ரப்லெற்றோடு நின்றாள். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள். தலையிலிருந்த காதுகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் படாமல் பின்னுக்குத் தள்ளி நின்றாள். அப்பா ஒருமுறையாவது உள்ளே திரும்பிப் பார்ப்பார் என்று அவள் காத்திருப்பது தேவதாசனுக்குத் தெரிந்தது. அவர் பார்க்கவில்லை. காற்று காதைக் கடித்தது. கையுறைகளோடு போன் திரையை அமத்த முடியாததால் அவற்றைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். விரல்கள் விறைத்து யாருடையவோபோல் இருந்தன. கழுத்திலிருந்த கமரா ஒவ்வொருமுறை குனியும்போதும் ஆடி நெஞ்சில் இடித்தது.

அடுத்ததாக ஒரு சிறுபிள்ளை வந்து நின்றது. பேய் வேசமாகத் தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கட்டில்விரிப்பு. கண்ணுக்கென்று வெட்டிய துளைகள் ஒருபக்கமாகச் சரிந்து, காதடிக்குப் போயிருந்தன. ஆணா பெண்ணா, எந்த மொழிப் பிள்ளை, ஒன்றும் தெரியவில்லை. காற்று அடித்தபோது துணி உடம்போடு ஒட்டி, ஒரு சின்னத் தலையின் உருண்டை மட்டும் தெரிந்தது. தாய் பின்னால் நின்று ஏதோ சொன்னாள். தேவதாசன் யாரோ ஒருவருடைய போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஈரநிலத்தில் முழங்காலை ஊன்றினார்.

"எங்க, ஒருக்காச் சிரியுங்கோ பாப்பம்" என்றார், தமிழிலேயே.

துணி அசையாமல் நின்றது. அவர் காத்திருந்தார். பிறகு, வாய் இருக்க வேண்டிய இடத்தில், துணி மூச்சோடு மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது.