மதுரிமாவின் ஜோடி

தருபாலாவுக்குக் கல்யாணமான வருஷத்தில் சினிமாவில் நிருபம் என்ற பெயரில் ஓர் ஈ காக்கை கிடையாது. மின்விசிறித் தொழிற்சாலையில் கம்பிச்சுருள் சுற்றுகிற நிருபம் தாஸுக்கு அவனுடைய அப்பா வைத்த சாதாரணப் பெயர் அது. கல்யாணத்துக்கு மறுநாளே மாமியார் மருமகளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும், அவன் செத்து, கையிலிருக்கும் சங்கு வளையை உடைத்த பிறகுதான் ஒருத்தி அதைச் சொல்லலாம். தரு தலையாட்டினாள். அன்றிலிருந்து எட்டு வருஷம் "கேட்டீங்களா", "இங்க பாருங்க" என்றே குடித்தனம் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் வருஷம் வந்து சேர்ந்தான் நிருபம் குமார். வந்தவன் தனியாக வரவில்லை, மதுரிமா தேவியோடு வந்தான். கல்கத்தாவுக்கே பைத்தியம் பிடித்தது.

இரண்டு பேரும் திரையில் அப்படி என்னதான் செய்தார்கள் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் மாடிப்படியின் கீழே நிற்பான். அவள் மேலே நிற்பாள். நீங்கள் போகலாம் என்பாள். அவன் போக மாட்டான். அவள் கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பாள். அவ்வளவுதான், பெண்கள் பக்கத்து நாற்காலிகள் மொத்தமாக மூச்சு விடும். இரண்டே கால் மணி நேரம் நீங்கள், வாருங்கள், சொல்லுங்கள் என்று சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் அவள் வாயிலிருந்து ஒரே ஒரு 'நீ' விழும். அந்த ஓரெழுத்தைக் கேட்கத்தான் ஜாதவ்பூர் காலனிப் பெண்கள் மத்தியானச் சமையலை அரைகுறையாக முடித்துவிட்டு மூன்று மணி ஆட்டத்துக்கு ஓடினார்கள். ஒரு பெண் என்ன சொல்லப்போகிறாள் என்று ஓர் ஆண்பிள்ளை பேசாமல் நின்று காத்திருப்பதை அவர்கள் வேறு எங்கே பார்த்தார்கள்? வீட்டில் இருப்பதெல்லாம் சோறு ஆறிப்போனதற்குக் கத்துகிற ஜாதி.

தருவுக்கு இதில் யாருக்கும் சொல்லாத சுகம் ஒன்று கூடுதலாக இருந்தது. படம் தொடங்கும்போது அவள் புருஷன் பெயர் ஆளுயர எழுத்தில் திரையில் வரும், அரங்கமே கைதட்டும். அவள் வாயைத் திறக்காமல் அதைப் படித்துக்கொள்வாள்.

தெருவுக்குச் சினிமாத் தலைவி ஜோத்ஸ்னா அக்கா. எந்தக் கொட்டகை, எத்தனை மணி, யார் யார் வரவேண்டும் என்பதெல்லாம் அவள் உத்தரவு. ஊரே தவம் கிடக்கிற ஜோடியில் பாதி தரு வீட்டில்தான் முண்டா பனியனோடு பல் தேய்க்கிறது என்று அவள் கேலி செய்யாத நாள் இல்லை. நிருபம் தாஸ் ஒல்லி, முன் வழுக்கை வேறு. கேலியைக் கேட்டால் காது சிவந்து உள்ளே போய்விடுவான்.

நடிகன் பெயரையும் தரு சொல்ல முடியாதே! அதனால் அவனை 'மதுரிமாவோட ஜோடி' என்று ஆக்கினாள். அது அப்படியே புருஷனுக்கும் உதவியது. புதுத் தபால்காரன் வந்து வீட்டுக்காரர் பெயர் என்ன என்பான். "மதுரிமாவோட ஜோடி பேருதான்" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கொடுப்பான். ரேஷன் கடையிலும் அதே கதைதான். ஐந்து வருஷத்தில் ஒருவன்கூடத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை.

போன வருஷம் அந்த ஜோடி பிரிந்தது. யார் மேல் தப்பு என்று பத்திரிகைகள் பத்து விதமாக எழுதின. மதுரிமா, சுபிமல் என்கிற புதுப் பையனோடு நடிக்கத் தொடங்கினாள். ஜோத்ஸ்னா அக்கா போய்ப் பார்த்து அழுதாள், மறுபடி போய்ப் பார்த்தாள், மூன்றாம் முறை அழவில்லை. தரு போகவே இல்லை. சுவரொட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை மதுரிமாவுக்கு ஜோடி ஒருவன்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கும் ஹரிபதா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பாலிகஞ்ச் பக்கம் லாரி மோதி ஒரு பஸ் கவிழ்ந்துவிட்டது. நிருபம் அந்த பஸ்ஸில் ஏறியதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அடிபட்டவர்களை இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். யார் எங்கே என்று போலீசுக்கே தெரியவில்லை.

ஜோத்ஸ்னா அக்காதான் முடிவு செய்தாள். தூரத்து ஆஸ்பத்திரிக்கு அவள், பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தரு. பஸ்ஸில் ஏற்றிவிடும்போது தருவின் கையைப் பிடித்து, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதே, விசாரி என்றாள். தருவுக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. நெற்றி வகிட்டுக் குங்குமத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவசரப் பிரிவின் வாசலில் ஒரு மேஜை, ஒரு தடித்த நோட்டு, அதற்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. மேஜையைச் சுற்றி இருபது முப்பது பேர் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தாவுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். முன் மயிரில் ஒரு சுருளை நெற்றிமேல் இழுத்து விட்டிருந்தான். அது சுபிமல் சுருள் என்று அந்த வருஷம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், தருவைத் தவிர.

"பேரு?"

"தாஸ்."

"எட்டு தாஸ் இருக்காங்கம்மா. எந்த தாஸ்?"

தரு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரரு. நான் எப்படிங்க சொல்றது?"

காலையிலிருந்து இந்த மாதிரி நாலு பெண்களைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. கோபப்படவில்லை. "சரி, ஜாடையாச் சொல்லுங்க."

"மதுரிமாவோட ஜோடி பேருதான்."

அந்த நெருக்கடியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலை நோட்டில் மேலிருந்து கீழே ஓட்டினான். "இதோ இருக்காரே உங்க ஹீரோ. முழங்கையில சிராய்ப்பு, கட்டுப் போட்டுப் பதினோரு மணிக்கே அனுப்பியாச்சு. வீட்டுக்குப் போங்கம்மா, இந்நேரம் அவரு உங்களத் தேடிக்கிட்டு இருப்பாரு."

எழுதிக் காட்டியிருக்கலாம். எழுதினால் ஆயுசு குறையும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. நல்ல சேதி கிடைத்தவள் எதற்கு மேலே கேட்கப்போகிறாள்? இரு கைகளையும் கூப்பினாள். பின்னால் நின்ற ஒருத்தி அவளை இடித்துத் தள்ளி முன்னே வந்தாள்.

திரும்பி வரும்போது தரு கடைத்தெருவில் இறங்கி மீன் வாங்கினாள். பஸ் கவிழ்ந்து பிழைத்து வந்த மனுஷனுக்கு வெறும் பருப்பா போடுவது? வீடு பூட்டியபடியே இருந்தது. தேடிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போயிருப்பான், அல்லது டீக்கடையில் நாலு பேரிடம் கதை அளந்துகொண்டிருப்பான் என்று நினைத்தாள். கதை அளக்கிற ஆளா அவன்? அந்தச் சந்தேகத்தையும் மஞ்சளோடு சேர்த்து மீனில் தடவினாள். கடுகு அரைத்தாள். குழம்பு கொதித்தது. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் வாசலுக்குப் போய்ப் போய் வந்தாள்.

இரண்டரை மணிக்கு ஜோத்ஸ்னா அக்கா வியர்த்து வழிந்துகொண்டு வந்தாள். அங்கே நிருபம் இல்லை. ஆள் பிழைத்துவிட்டான், சிராய்ப்புதான் என்று தரு சொன்னதும் அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடித்த பிறகுதான் கேட்டாள்.

"ஏண்டி, அங்க பேரு கேட்டிருப்பாங்களே. என்னன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்லுவேன்? மதுரிமாவோட ஜோடின்னு சொன்னேன்."

ஜோத்ஸ்னா அக்கா செம்பைக் கீழே வைத்தாள். "நோட்டைப் பாத்துச் சொன்னவன் சின்னப் பையனா?"

"ஆமா."

"அடிப்பாவி. இப்ப மதுரிமாவுக்கு ஜோடி சுபிமல்டி. பத்து மாசமா ஊரே அப்படித்தானே சொல்லுது."

தரு அடுப்பை அணைக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை. பஸ் ஏறியது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது. பக்கத்தில் ஜோத்ஸ்னா அக்கா ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு சுபிமல் தாஸ் கையில் கட்டோடு வீட்டுக்குப் போய்விட்டான், அவன் மனைவி அவனுக்குச் சோறு போட்டிருப்பாள். நிருபம் தாஸ் எங்கே? சினிமாக் கொட்டகை வாசலில் பஸ் நின்றுவிட்டது. மூன்று மணி ஆட்டம். பெண்கள் வரிசை சாலைக்கு வந்து, டிராம் பாதைவரை வழிந்திருந்தது. மேலே இரண்டு மாடி உயரத்துக்கு மதுரிமா, புதியவன் தோளுக்குப் பக்கத்தில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அதே கழுத்து, அதே திருப்பல். தரு, இந்தக் கழுத்துக்காக ஐந்து வருஷம் நான் மூச்சு விட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து குதித்தாள். அந்தப் பெண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். வரிசைக்குக் குறுக்கே போவதாக நினைத்து ஒருத்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முந்தானை கிழிந்தது.

மேஜையில் அதே பையன். அவளை அடையாளம் கண்டுகொண்டு சிரிக்கப் பார்த்தான்.

"நிருபம்," என்றாள் தரு. சொன்ன பிறகு அந்தச் சத்தம் யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. "நிருபம் தாஸ். என் புருஷன் பேரு நிருபம். நிருபம்!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நிருபமா, இங்கேயா, நிருபம் குமாரையா கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அடுத்தவள் கேள்வியை விட்டுவிட்டுச் செய்தியாகவே சொன்னாள். கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜோத்ஸ்னா அக்கா அவர்களை வாய்க்கு வந்தபடி வைதாள்.

குமாஸ்தா நோட்டில் விரல் வைத்த இடத்திலேயே நின்றுவிட்டான். அவன் முகம் வெளுத்தது. "பன்னெண்டேகால்லேருந்து இவரு வீட்டு ஆளுங்களக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்கம்மா," என்றான். "பேரு மட்டும் சொன்னாரு. அப்புறம் பேச்சு வரல." மேஜையை விட்டு எழுந்து அவனே முன்னால் ஓடினான்.

தொடை நசுங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டும். வீட்டு ஆள் கையெழுத்தில்லாமல் காலை எடுக்கப் பெரிய டாக்டர் சம்மதிக்கவில்லை. இளைய டாக்டர், கண்ணாடி போட்ட பெண், தாளையும் பேனாவையும் நீட்டினாள். தரு கையெழுத்துப் போட்டாள். பிழைப்பாரா என்று கேட்டாள்.

"மத்தியானமே வந்திருந்தா கால் மட்டும்தான் போயிருக்கும்," என்றாள் டாக்டர். பொய் சொல்லத் தெரியாத வயசு. "இப்ப நான் எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆபரேஷன் தியேட்டர் தயாராகறவரைக்கும் அவர மயங்க விடாதீங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

அவனை வராந்தாக் கோடியில் ஒரு தள்ளுவண்டியில் போட்டிருந்தார்கள். ஒரு போர்வைக்குள் அவ்வளவு ஒல்லியாகக் கிடந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மூன்று மணி நேரம். அவள் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த மூன்று மணி நேரம். தரு வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். 

"நிருபம்."

ஒன்றும் இல்லை.

"நிருபம். இங்க பாருங்க. நிருபம்."

இமை அசைந்தது. கண் பாதி திறந்து எதையோ தேடியது, அவள் முகத்தில் வந்து நின்றது. நிற்கவும், அந்தக் கண்ணில் பயம் வந்தது. அவன் உதடு அசைவதைப் பார்த்து அவள் காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"தரு, நான் செத்துட்டேனா?"

அவள் தன் கையைத் தூக்கி, சங்கு வளையை அவன் கன்னத்தில் அழுத்தி வைத்தாள். "சாகல," என்றாள். "நிருபம், நீங்க சாகல. கேக்குதா? சாகல, நிருபம்."

ஆட்கள் வந்து வண்டியைத் தள்ளினார்கள். அவள் கம்பியை விடாமல் கூடவே ஓடினாள், ஒவ்வோர் அடிக்கும் பெயரைச் சொல்லிக்கொண்டு. அறுவைக் கூடத்தின் வாசலில் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு வண்டியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போதும் நிறுத்து என்று சொல்ல ஜோத்ஸ்னா அக்காவுக்கும் மனம் வரவில்லை.