கால் பட்ட குற்றம்

யார் மீதாவது கால் பட்டுவிட்டால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் பிள்ளைகளுக்கு ஊறிப்போன பழக்கம். கடல் தாண்டிப் பயிற்சிக்குப் போன இவனை மட்டும் அது விட்டுவிடுமா? போன புதிதில், பட்டறையில் குனிந்திருந்த வெல்டர் மேல் இவன் கால் பட்டது. பதறிப்போய் அவர் தோளைத் தொட்டான்.

“என் மேலயே கை வைக்கிறியா?”

வெல்டர் விட்ட குத்தில் இவன் மூக்கு உடைந்தது. விழுந்தவன் வயிற்றில் பூட்ஸ் காலால் உதை வேறு. சுற்றி நின்ற ஒரு பயலும் தடுக்கவில்லை.

அறையில் கூடத் தங்கியிருந்த நம் ஊர் ஃபிட்டர்தான் ரத்தத்தைத் துடைத்துவிட்டார்.

“நம்ம பழக்கம் அவனுக்கு எப்படிடா தெரியும்? நான் எடுத்துச் சொல்றேன். ஆனா இங்க எவன் கை நீட்டினாலும் நீ முந்திக்க.”

அதை மண்டையில் ஏற்றிக்கொண்டான்.

அடுத்த மாதம் வெல்டரின் பூட்ஸ் இவன் காலை மிதித்துவிட்டது. அவர் கை இவன் தோளில் பட்டதுதான் தாமதம், இவன் ஸ்பேனரால் ஒரே போடு போட்டான். தாடை நொறுங்கி, பல் தெறித்தது.

தரையில் சரிந்த வெல்டர், ரத்தம் கொப்பளிக்க, இவனைத் தொட்ட விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.