நன்மை வாங்கும் வரிசை

மதலேனாவுக்கு வருத்தம் என்று முதலில் கண்டது டொக்டர் இல்லை. கோயில் பூசையில் நன்மை அப்பம் கொடுத்த சுவாமி. என் பெண்சாதி நாக்கை நீட்டினாள், நாக்கு தானாக உள்ளே போய்விட்டது. திரும்பவும் நீட்டினாள், திரும்பவும் போய்விட்டது. அப்பம் தரையில் விழுந்தது. சுவாமி குனிந்து எடுத்துக்கொண்டு, "ஆளைக் கொஞ்சம் கவனியுங்கோ" என்று எனக்குச் சொன்னார். வரிசையில் பின்னால் நின்ற அயல்வீட்டு யூஜினா சும்மா இருப்பாளா? பூசை முடியமுதலே கதை முகத்துவாரக் கடற்கரை வரைக்கும் போய்விட்டது. செபமாலை என்றால் நான்தான். செபமாலையின் பெண்சாதிக்கு நன்மை இறங்கவில்லையாம், உள்ளே வேறு ஏதோ இருக்கிறதாம்.

பிறகு நடை தள்ளாடியது. குடிக்கிறாள் என்றார்கள். அவளுடைய தாயும் அப்படித்தான் கசிப்புக்காரி என்ற பெயரோடு செத்தவள். அந்த மனுசி ஒரு சொட்டும் தொட்டிருக்கமாட்டாள் என்று இப்போது விளங்குகிறது.

நான் ஹாபரில் கப்பலுக்குப் பாரம் ஏற்றியவன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. கயிறு தாங்கும் என்று எவன் சொன்னாலும் நம்பமாட்டேன், நானே இழுத்துப் பார்ப்பேன். டொக்டர்மார் விசயத்திலும் அப்படித்தான். மகள் பிறிஜெற் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் செய்த பெரிய சோதனை என்ன தெரியுமா? "நான் சொல்லும் வரைக்கும் நாக்கை வெளியில வச்சிருங்கோ" என்றார். கோயிலில் நடந்ததேதான் நடந்தது. அவர் மதலேனாவைப் பார்க்கவில்லை. பிறிஜெற்றைப் பார்த்தார்.

வருத்தத்துக்கு ஹன்டிங்டன் என்று வெள்ளைக்காரன் பெயர். பரம்பரையாக இறங்குவதாம். "பிள்ளைகளுக்கு ரெண்டில ஒண்டு" என்றார்.

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் நியூமன் இத்தாலியில். இளையவள் பிறிஜெற். இரண்டில் ஒன்று என்றால் இரண்டு பேரில் ஒருவருக்கு. இதை விளங்க என்ன படிப்பு வேண்டும்?

மதலேனா படுக்கையில் விழுந்த பிறகு எல்லாம் பிறிஜெற்தான். ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து தாயைக் குளிப்பாட்டுவாள், பவுடர் பூசுவாள், செபம் சொல்லும் மணிமாலையைக் கையில் சுற்றிவிடுவாள். ஆடுகிற கையில் அது நிற்காது. திரும்பச் சுற்றுவாள்.

"ஆர் வந்து பாக்கப்போறாங்க? பவுடர் என்னத்துக்கு?" என்றேன்.

"அம்மா எண்டைக்காவது பவுடர் பூசாம வாசலத் தாண்டினவவா?"

"இப்ப எங்க தாண்டுறா?"

"ஹென்டர்சன் எண்டு ஒரு நேர்ஸ் இருந்தவ அப்பா. அவ எழுதினதைத்தான் எங்களுக்குப் படிப்பிச்சது. தெம்பிருந்தா அந்த ஆள் தானே செய்திருக்கக்கூடியத, அவருக்காக நாங்க செய்யிறதுதான் நேர்ஸ் வேலையாம். அம்மாவுக்குத் தெம்பிருந்தா இப்ப பவுடர்தான் பூசுவா."

நான் பவுடர் டின்னை எடுத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் நியூமன் போனில் அழுதான். அங்கே இரத்தம் கொடுத்துப் பார்த்தானாம். அவனுக்கு இல்லையாம். பிறிஜெற் போனைப் பறித்துச் சிரித்தாள், அழுதாள், "அண்ணா, அண்ணா" என்றாள். எனக்கு என் கணக்குத்தான் ஓடியது. அவனுக்கு இல்லையென்றால்?

அன்றைக்குப் பிறகு சுடுதண்ணிக் கேத்தலை அவள் கையில் கொடுக்கவில்லை. மீன் வெட்டும் கத்தியையும் ஒளித்துவைத்தேன். அவள் அலுமாரிக்கு மேலே கையைவிட்டு அதை எடுத்தாள்.

"என்னப்பா இது? கத்தி ஏன் இங்க கிடக்கு?"

"மீன நான் வெட்டுறன்."

"நீங்க வெட்டின மீனப் பூனையும் தின்னாது. உண்மையச் சொல்லுங்கோ."

"நியூமனுக்கு இல்லையாம்தானே. டொக்டர் ரெண்டில ஒண்டு எண்டவர்."

முதலில் சிரித்தாள். பிறகு வாங்குப்பலகையில் இருந்துவிட்டாள். "இது காணி பங்கு பிரிக்கிறதில்ல அப்பா. அண்ணா எடுக்கேல்ல எண்டு என்ர தலையில விழுறதில்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாத்தான். ரெண்டு பேருக்கும் வரலாம், ரெண்டு பேருக்கும் வராமலும் போகலாம். இந்தக் கணக்கத் தொடக்கினவர் உங்கட ஆள்தான், ஒரு சுவாமி. மடத்துத் தோட்டத்தில பட்டாணி நட்டுப் பாத்தவர்."

"பிள்ளை பெறுறதப் பற்றி சுவாமிமாருக்கு என்ன தெரியும்?"

ஒரு காசுக் குற்றியை எடுத்துச் சுண்டினாள். தலை விழுந்தது. இன்னொருதரம் சுண்டினாள். தலைதான். "பாத்தீங்களா? முதல் விழுந்தது அதுக்குத் தெரியாது."

"காசுக்குத் தாய் இல்லப் பிள்ளை" என்றேன்.

அவள் குற்றியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நீயும் இரத்தத்தக் குடு. ரெண்டில ஒண்டு தெரிஞ்சிடும்."

"அந்த இரத்த ரெஸ்ற் எப்பிடி வந்ததெண்டு தெரியுமா? மனசப் பற்றிப் படிச்ச ஒரு அமெரிக்கப் பொம்பிள. அவவின்ர தாய்க்கும் இதே வருத்தம். வெனிசுவேலாவில ஒரு ஏரிக்கரை, எங்கட முகத்துவாரம் மாதிரி மீன்பிடிக்கிற சனம். கனபேருக்கு இந்த ஆட்டம். அங்க வருசா வருசம் போய், அந்தச் சனத்திட்ட இரத்தம் கேட்டு வாங்கினவ. அத வச்சுத்தான் எந்த இடத்தில பிழையெண்டு கண்டுபிடிச்சவங்க."

"அவ தன்ர இரத்தத்தப் பாத்தாவா?"

"கனகாலம் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

"பிறகு?"

பிறிஜெற் தாயின் பக்கம் திரும்பிப் போர்வையைச் சரிசெய்தாள். "வயசு போன பிறகு சொன்னவ. தனக்கும் இருக்கெண்டு."

"கண்டுபிடிக்கப் போனவளுக்கேவா?" நான் கத்தினதில் மதலேனா திடுக்கிட்டுக் கையை உதறினாள்.

"மருந்திருந்தா நாளைக்கே பாப்பன். இல்லயே. தெரிஞ்சுகொண்டு அம்மாவக் குளிப்பாட்ட எனக்கு ஏலாதப்பா."

றமேஷின் கதையும் அதனால் அப்படியே நின்றது. வெள்ளவத்தையில் பார்மசி வைத்திருக்கிற பெடியன், நல்லவனாம். எல்லாம் தெரிந்தும் பரவாயில்லை, கலியாணம் செய்வோம் என்று கேட்டானாம். பரவாயில்லை என்கிறவன் பாரம் தூக்கிப் பார்க்காதவன். அதை நான் சொல்லவில்லை. அவள் கட்டவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

மதலேனாவுக்குக் கடைசியில் கஞ்சியும் இறங்கவில்லை. சுவாமி வீட்டுக்கு வந்து அப்பத்தில் ஒரு சின்னத் துண்டைக் கரண்டித் தண்ணியில் போட்டுக் கொடுத்தார். பிறிஜெற்தான் வாயில் விட்டாள். நெஞ்சில் சளி கட்டி, இரண்டு கிழமையில் மதலேனா போய்விட்டாள்.

"முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும். றமேஷுக்குப் பதில் சொல்லுறன்" என்றாள் பிறிஜெற்.

இதையும் சொல்லவேண்டும். கொரோனாக் காலத்தில் சுவாமிமார் நன்மையை எல்லோருக்கும் கையில்தான் கொடுத்தார்கள். அது முடிந்ததும் கனபேர் கையோடேயே நின்றுவிட்டார்கள். பிறிஜெற் நாக்குக்குத் திரும்பினாள். கையில் வாங்குவது கடையில் மிச்சக்காசு வாங்குவது போலவாம். நியூமனின் போன் வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு ஞாயிறும் வரிசையில் அவளுக்குப் பின்னால்தான் நிற்பேன். அவள் முகம் எனக்குத் தெரியாது. சுவாமியின் கையைப் பார்ப்பேன். போகும், கொடுக்கும், திரும்பும். தயங்காது. அவள் நாக்கு நிற்கிறது. அந்த ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கும். நான் ஏன் பின்னால் நிற்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

முப்பத்தோராம் நாள் பூசையிலும் அப்படியே நின்றேன். வெள்ளைச் சீலை உடுத்திருந்தாள், கழுத்தடியில் பவுடர். சுவாமியின் கை அவள் வாய்க்கு நேரே போனது. நின்றது. பிறகு கீழே இறங்கியது.

அவள் இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள்.

பிறகு என் முறை. சுவாமி என் வாயைத்தான் பார்த்தார். என் நாக்குக்கு ஒரு குறையும் இல்லை, கல் மாதிரி நிற்கும். நானும் கையை நீட்டினேன்.

வாங்கில் முழங்காலில் இருந்தபடி அவள் மெல்லக் கேட்டாள்.

"ஏனப்பா கையில?"

"நீ ஏன்?"

"சும்மா."

"நானும் சும்மாதான்."

அவள் கொஞ்சநேரம் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் பீடத்தையே பார்த்தேன். கேட்க ஒரு செபமும் வரவில்லை.

வெளியே றமேஷ் மோட்டார் சைக்கிளோடு நின்றான். தன்னுடையதைத் தலையில் போட்டு, இன்னொரு ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டிருந்தான்.

"பிள்ளை, நான் போய்ச் சொல்லட்டா?" என்றேன்.

"வேண்டாமப்பா. அவர் என்னட்டத்தானே கேட்டவர்."

கோயில் படியால் இறங்கினாள். நேராகத்தான் இறங்கினாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.