நாற்காலியை விட்டு எழாதே

எனக்கு ஒரு வியாதி உண்டு. பெரிய மனிதர் யாராவது பக்கத்தில் வந்தால் என் இடுப்பு தானாக எழுந்துகொள்ளும். என்னை ஒரு வார்த்தை கேட்காது.

பெருநகர் என்ற எங்கள் கிராமத்தில் காலனி முழுக்க இந்த வியாதிதான். நிலத்துக்காரர் பாண்டுரங்கனின் பைக் வரப்பில் தெரிந்தால் போதும், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் வாயைக்கூடத் துடைக்காமல் எழுந்து நிற்பார்கள். அவர் எழச் சொன்னதே இல்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. அம்மா அம்முலு முப்பது வருஷமாக எழுந்துகொண்டிருக்கிறாள். அவள் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான், எனக்கு மட்டும் எப்படி வராமல் போகும்?

ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகுதான் அது வியாதி என்றே தெரிந்தது. எனக்கு அங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை. லென்ஸுக்குக் கீழே சார்ஜர் முனைகளை வைத்து, நல்லது இடது தட்டு, கோணல் வலது தட்டு. பெரிய மேனேஜர் வேதாசலம் அந்தப் பக்கம் வந்தார், நான் எழுந்தேன், போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் நுனி இடித்து இரண்டு தட்டும் ஒன்றாகக் கொட்டிவிட்டது. நானூறு முனையையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரமும் அதே கூத்து.

சூப்பர்வைசர் சசிரேகா மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார். "ஷீபா, மரியாதய மனசுல வச்சிக்கோ, இடுப்புல வேணாம். ஆடிட் அன்னைக்கு வெளிநாட்டுக்காரங்க வராங்க. மூணாவது தடவ எய்ந்த, நீலப் பட்டைய மறந்துடு" என்றார்.

நீலப் பட்டை என்றால் நிரந்தர வேலை. அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டை பயிற்சிக்காரர்களுக்கு மஞ்சள். ஆறு மாதம் முடிந்தால் ஒன்று நீலம், இல்லை வீடு. கேன்டீனில் நீலப் பட்டைக்காரிகள் அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சாப்பிடுவார்கள், சாம்பாரில் படாமல் இருக்க. அந்தத் தள்ளலுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உத்திரமேரூர் வரும்வரை என் மஞ்சளை அப்படித் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன்.

ஆடிட்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் அம்மாவைப் பிடித்தேன். "எம்மா, நீ மேனேஜரு. நான் குந்திக்கினு கீறேன். நீ பக்கத்துல நடந்து போ."

"மேனேஜரு எப்டிடி நடப்பாரு?"

"நிமிந்து நடப்பாரு."

நாற்று நட்ட முதுகு. அம்மா நிமிர்ந்து நடந்தது, கல்யாண வீட்டில் பந்தி எங்கே என்று தேடுகிறவள் மாதிரி இருந்தது. நான் முறத்து அரிசியில் கல் பொறுக்கியபடி சிரித்தேன். "சிரிக்காதடி, வேலையப் பாரு!" என்று அதட்டினாள். அந்தக் குரல் மட்டும் அசல் மேனேஜர். என் கால் துள்ளியது. "ஆடிச்சி! முட்டி ஆடிச்சி, நான் பாத்தேன்!" என்று கை தட்டினாள். தினமும் சாயங்காலம் இருபது நடை நடந்தாள். ஆறாவது நாள் என் முட்டி ஆடவில்லை. மறுநாள் ஆடிட். அன்று அவளுக்கும் வேலை இருந்தது. நடவு இல்லாத நாட்களில் ஏதாவது கம்பெனியில் புல் வெட்ட காண்ட்ராக்டர் வண்டி வந்து ஏற்றிப்போகும். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. என் கம்பெனியை அவளும் பார்த்ததில்லை.

ஆடிட் அன்று ஐந்து பேர் வந்தார்கள். வேதாசலம் சார் என் தோளுக்குப் பின்னாலேயே நின்று இங்கிலீஷில் ஏதோ விளக்கினார். நான் கண்ணை மூடவில்லை, ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது முறமும் அம்மாவின் கோணல் நடையும்தான். இடது தட்டு, வலது தட்டு. அவர்கள் போய்விட்டார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மதியம் சசிரேகா மேடம் வந்து என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "வா, ஆபீஸ் ரூமுக்கு. சாரே பட்டைய குடுக்கச் சொல்லிட்டாரு."

கோட்டு, தொப்பி, மாஸ்க் எதையும் கழற்றத் தோன்றவில்லை. நீலப் பட்டையை அங்கேயே கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேடத்தோடு முற்றம் வழியாகத் திரும்பினேன். புங்க மரத்தடியில் புல் வெட்ட வந்த பெண்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். மூன்றாவதாக எழுந்தவள், ஒரு கையில் தூக்குச்சட்டியும் மறு கையில் சோறுமாக, என் அம்மா.

குந்தும்மா என்று சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்ல மாட்டேன், பக்கத்தில் மேடம் இருந்தார், எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவைக் கண்டு வெட்கப்பட்டேன், பிறகு அந்த வெட்கத்தைக் கண்டு வெட்கப்பட்டேன். நடந்து போய்விட்டேன். ஆசைப்பட்டு வாங்கிய பட்டை மதியம் முழுக்கக் கழுத்தை அறுத்தது. அதைப் பின்னால் தள்ளிவிடக்கூடத் தோன்றவில்லை.

சாயங்காலம் அம்மா பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கர்த்தர் படத்துக்கு முன்னால் அதை வைத்து ஜெபம் செய்தாள்.

"எம்மா, இன்னிக்கு மரத்தடில யாருக்கு எய்ந்த?"

"நீயும் அந்தக் கம்பெனியா? அங்க கீறியா?" அவள் முகம் மலர்ந்தது. "மூஞ்சிய மூடிக்கினு வந்தா யாருக்குத் தெரியும்? வெள்ளக் கோட்டு வந்திச்சி, எய்ந்துட்டேன்."

"ஒருத்தி நான்தாம்மா."

நான் பையிலிருந்து கோட்டை எடுத்து மாட்டினேன், மாஸ்க்கையும் போட்டேன். முறத்தை அவள் மடியில் வைத்தேன்.

"நீ குந்து. இப்ப நான் நடக்கிறேன். எய்ந்துக்காத."

"போடி, பைத்தியம்" என்று சிரித்தாள். நான் நிமிர்ந்து நடந்தேன். அவள் கை முறத்தை விட்டுத் தரையில் ஊன்றியது, அரிசி சிந்தியது, இடுப்பு பாதி எழுந்துவிட்டது.

"நான்தாம்மா" என்றேன்.

"தெரியிதுடி. இடுப்பு எங்க கேக்குது?"

சிந்திய அரிசியை முறத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, மறுபடி வாசலிலிருந்து நடந்தேன்.